ராஜகிரியைத் தாண்டும் தட்டு! ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்த சென்னை! காலணி அதிசயங்கள் தெரியுமா?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை எவ்வளவு உயரம் தெரியுமா? சுமார் 800 அடி! மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 240!

இப்போது இன்னோர் எண்ணைக் கேளுங்கள்: 338 மீட்டர்! 2016 மார்ச் மாதம், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்பவர் பின்காற்றின் துணையோடு கையால் வீசிய ஒரு பிளாஸ்டிக் தட்டு பறந்து போன தூரம் அது! ராஜகிரியைத் தரையில் படுக்க வைத்தாலும், அந்தத் தட்டு அதைத் தாண்டி இன்னும் கிட்டத்தட்ட 100 மீட்டர் போய்த்தான் விழுந்திருக்கும்! வில் இல்லை, கவண் இல்லை, மோட்டார் இல்லை. கை, இடுப்பு, கால், அவ்வளவுதான்!

காலா? தட்டு வீசுவதற்குக் காலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது அதிசயம்!

•

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, கேள்விப்பட்டதுண்டா? பெயரில் கோல்ஃப் இருக்கிறது. ஆனால் மட்டை கிடையாது, பந்து கிடையாது, குழியும் கிடையாது! குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை! தட்டை வீச வேண்டும், அது விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும், அங்கிருந்து மறுபடியும் வீச வேண்டும். கூடைக்குள் விழும்வரை இதேதான்! குறைந்த வீச்சில் முடிப்பவரே வெற்றியாளர். வழக்கமாக 18 கூடைகள். இதற்காக உலகெங்கும் இருக்கும் களங்கள் எத்தனை தெரியுமா? 15,000-க்கும் மேல்!

•

இது எப்போது தொடங்கியது என்று நினைக்கிறீர்கள்? 1926-லேயே! கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலத்தில் பிளாட்வொர்த் என்ற சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள், தகர டப்பா மூடிகளை வீசி மணலில் கீறிய வட்டங்களுக்குள் விழவைத்து விளையாடினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தகரமூடி கோல்ஃப்'! பிளாஸ்டிக் தட்டு சந்தைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன!

கலிஃபோர்னியாவில் ஃபிரெட் மோரிசன் என்ற இளைஞர் 1938-ல் கடற்கரையில் தன் காதலியோடு கேக் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தத் தட்டை 25 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார்! கடையில் அதன் விலை என்ன தெரியுமா? வெறும் 5 சென்ட்! அந்த வியாபார மூளைதான் பிற்பாடு 1957-ல் பறக்கும் பிளாஸ்டிக் தட்டாக 'வாம்-ஓ' நிறுவனத்தின் வழியாக உலகச் சந்தைக்கு வந்தது!

•

இதைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்! சங்கிலிக் கூடையை உருவாக்கி இந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். 2002-ல் அவர் காலமானார். அவருடைய விருப்பப்படி அவரது அஸ்தியை என்ன செய்தார்கள் தெரியுமா? பிளாஸ்டிக்கோடு கலந்து பறக்கும் தட்டுகளாக வார்த்துவிட்டார்கள்! ஆம், நிஜமாகவே! அந்தத் தட்டுகள் அவருடைய குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் போய்ச் சேர்ந்தன!

•

சரி, காலுக்கு வருவோம். 18 கூடைகளையும் முடிக்க ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு நடப்பார்? களத்தைப் பொறுத்து 5 முதல் 8 கிலோமீட்டர்! புல்வெளியில் மட்டுமா? காட்டுக்குள், வேர்களின் மேல், சரளைக்கல்லில், ஈரச்சேற்றில், பாறைச் சரிவில்! தட்டு எங்கே விழுந்ததோ அங்கே காலும் போயாக வேண்டும்!

அதைவிடப் பெரிய வேலை, வீசும் அந்த ஒரு நொடியில்! தேர்ந்த ஆட்டக்காரரின் தட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் பறக்கும். அந்த வேகம் எங்கிருந்து பிறக்கிறது? தரையிலிருந்து! வலக்கைக்காரர் குறுக்கடி வைத்து ஓடிவந்து வலக்காலை ஊன்றுகிறார். முழு உடம்பும் அந்த ஒற்றைக் காலின் மேல் சுழல்கிறது! ஷூ வழுக்கினால்? ஆளே சாய்ந்துவிடுவார்! ஷூ தரையை விடாமல் பிடித்துக்கொண்டால்? பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பும், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும்! பிடிக்கவும் வேண்டும், சுழலவும் விட வேண்டும். ஒரே ஷூவிடம் எதிரெதிரான இரண்டு வேலைகள்!

பின்னங்கால் மட்டும் சும்மா இருக்கிறதா? இல்லை! அதன் கட்டைவிரல் பக்கம், வீசும் இடத்துச் சிமென்ட் மேடையில் உரசி இழுபட்டுக்கொண்டே வரும். அதனால் இந்த ஆட்டக்காரர்களின் ஷூக்களில் ஒன்று மட்டும், அதுவும் நுனியில் மட்டும், முதலில் கிழிகிறது! நுனியில் தடித்த ரப்பர் கவசம் உள்ள மலைப்பாதை ஓட்ட ஷூக்களை அவர்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான்!

•

ஷூவின் அடியில் ரப்பர் பற்கள் வந்த கதை கேளுங்கள்! இத்தாலியில் 1935-ல் நடந்த ஒரு துயரம் தெரியுமா? ஆல்ப்ஸ் மலையேறப் போன குழுவில் ஆறு பேர் மாண்டுபோனார்கள். பனியில் பயன்படாத காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று மனம் நொந்தவர், அவர்களின் நண்பரான மலையேற்றக்காரர் விட்டாலே பிரமானி. விட்டாரா? டயர் கம்பெனியான பிரெல்லியின் உதவியோடு 1937-ல் ரப்பரில் ஆழமான பற்கள் வைத்த அடிப்பாகத்தை உருவாக்கினார்! அவர் பெயரின் துண்டுகளை இணைத்துப் பிறந்த நிறுவனம்தான் 'வைப்ரம்'! 1954-ல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே-2 மீது முதன்முதலில் கால்வைத்த இத்தாலியர்கள் அணிந்திருந்ததும் அந்த அடிப்பாகம்தான்!

இதில் இன்னொரு அதிசயம் கேளுங்கள்! ஷூவின் அடிப்பாகம் செய்யும் அதே வைப்ரம் நிறுவனம் சில ஆண்டுகள் டிஸ்க் கோல்ஃப் தட்டுகளையும் செய்து விற்றது! காலுக்கும் ரப்பர், கைக்கும் ரப்பர்!

•

இப்போது செஞ்சிக்கு வாருங்கள்! வல்லம், மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வண்டியில் வந்திறங்கிக் கூச்சலோடு ஏறும் மலை! சங்கிலிக் கூடை இங்கே இல்லை. ஆனால் பாதத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான களம் வேண்டுமா?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகள்! அவற்றை இணைத்து ஓடும் மதில் சுற்று எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 13 கிலோமீட்டர்! சில இடங்களில் மதிலின் தடிமன் மட்டும் 60 அடி! ஜுல்ஃபிகர் கானின் முகலாயப் படை 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடிக்க 1698 வரை எடுத்துக்கொண்டது. அதாவது எட்டு ஆண்டு!

ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு வரும். அகலம் 24 அடி, ஆழம் 60 அடி! அக்காலத்தில் அதன் மேல் மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியதுதான், மேலே போக வேறு வழியே கிடையாது! இன்று நிலையான பாலம் இருக்கிறது. அதன்மேல் நின்று கீழே பாருங்கள், உள்ளங்கால் தானாகவே கூசும்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராட்டியக் கோட்டைகள் இடம்பிடித்தனவே, அதில் எத்தனை மகாராஷ்டிராவுக்கு வெளியே தெரியுமா? ஒன்றே ஒன்று! அது நம் செஞ்சி!

ஆனால் இந்தப் பெருமைக்குரிய படிகள் எத்தனை நூற்றாண்டுக் கால்களால் தேய்ந்தவை என்று யோசித்தீர்களா? காய்ந்த கருங்கல் நன்றாகப் பிடிக்கும். அதே கல் பல தலைமுறை மிதித்து மெருகேறி, மேலே மெல்லிய மணல் படிந்தால்? வழுக்கல்! ஐப்பசி மழையில் பாசி சேர்ந்தால்? சொல்லவே வேண்டாம்! வீட்டு வாசலுக்குப் போடும் ரப்பர் செருப்போடு இங்கே ஏறுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வார் விரலை அறுக்கும், குதிகால் பக்கவாட்டில் நழுவும்!

•

கோட்டையைச் சேர்ந்த இன்னொரு சிறு குன்று உண்டு. அது யாருடைய பெயரில் வழங்கிவருகிறது தெரியுமா? தோல் தொழில் செய்த மக்களின் பெயரில்! ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, காலுக்குக் கவசம் தைத்தவர்களுக்கும் ஒரு குன்று! சுற்றுலா வருபவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டுப் பார்க்கிறார்கள்? அவர்கள் கைவேலை இல்லாமல் குதிரைச் சேணம் ஏது, வாளுக்கு உறை ஏது, தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோற்பை ஏது? அவசியம் கேளுங்கள்!

•

கோட்டைக்குள் குதிரை லாயம் இருக்கிறது. குதிரைக்கும் 'ஷூ' உண்டு, அதுதான் லாடம்! ஒரு குதிரைக்கு நான்கு லாடம். அப்படியானால் வண்டி மாட்டுக்கு எத்தனை? நான்கு என்று சொன்னீர்களா? தவறு! எட்டு! மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது; ஒரு காலுக்கு இரண்டு தகடு அடிக்க வேண்டும்!

•

உங்கள் ஒரு பாதத்தில் எத்தனை எலும்புகள்? 26! இரண்டிலும் சேர்த்து 52! உடம்பில் உள்ள 206 எலும்புகளில் நாலில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேயே இருக்கிறது, நம்ப முடிகிறதா? மூட்டுகள்? ஒரு பாதத்துக்கு 33! தசை, நாண், தசைநார் என்று எண்ணினால் 100-ஐத் தாண்டும்! வியர்வைச் சுரப்பிகள்? இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம்! மூன்று மணி நேரம் மூடிய ஷூவுக்குள் இருந்த காலுறையைப் பிழிந்தால் ஏன் ஈரம் என்று இப்போது புரிகிறதா?

•

காலணியே இல்லாமல் சாதித்தவர்கள் கதை தெரியுமா? எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடினார். 42 கிலோமீட்டருக்கும் மேல்! 2 மணி 15 நிமிடம் 16 நொடி, உலகச் சாதனை! நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார். அதிலும் தங்கம், அதிலும் உலகச் சாதனை!

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி பிரான்சை எதிர்கொண்டது. நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்கால்! பூட்ஸ் அணிந்த பிரெஞ்சுக்காரர்களிடம் எவ்வளவில் தோற்றார்கள் தெரியுமா? 2-1! அதுவும் இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்ட பிறகு!

அவ்வளவு தூரம் ஏன்? செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை 40 கிலோமீட்டர்கூட இல்லை. பௌர்ணமிதோறும் அங்கே லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றிவருகிறார்கள்! அது வேண்டுதலின் வலிமை. சென்னை எலியட்ஸ் கடற்கரையில் தட்டு வீசி 'அல்டிமேட்' ஆடும் இளைஞர்களும் வெறுங்கால்தான். அது மணலின் மென்மை. இரண்டையும் சாக்காகச் சொல்லி மே மாத நண்பகலில் செஞ்சிப் பாறையில் வெறுங்காலை வைத்துவிடாதீர்கள்!

•

உலகின் மிகப் பழைய காலணி எவ்வளவு பழசு? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் குகையொன்றில் 1938-ல் புதர்ப்பட்டையால் பின்னிய செருப்புகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு! ஒன்றல்ல, டஜன் கணக்கில்! ஆர்மீனியாவில் 2008-ல் ஒரு குகையிலிருந்து தோல் ஷூ ஒன்று கிடைத்தது. கயிறு போட்டுக் கட்டியது, உள்ளே புல் அடைத்தது, வயது 5,500 ஆண்டு! எந்தக் காலுக்கு உரியது தெரியுமா? வலக்காலுக்கு!

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? அவ்வளவு காலத்துக்கு முன்பே வலது இடது பார்த்துத் தைத்தார்கள்! ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை மேற்கு நாடுகளில் விற்ற ஏராளமான ஷூக்களில் வலதும் கிடையாது, இடதும் கிடையாது. இரண்டும் ஒன்றேபோல் இருக்கும்! போட்டுப் போட்டுக் காலே அதை வளைத்துக்கொள்ள வேண்டும்!

•

8-ஆம் எண், 9-ஆம் எண் என்று ஷூ வாங்குகிறோமே, அந்த எண்ணின் கணக்கு என்ன? வாற்கோதுமை! ஆங்கிலேய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு! ஐரோப்பிய எண்ணில் இடைவெளி செண்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தியக் கடையில் இந்தியக் காலுக்கு இன்றுவரை இங்கிலாந்து வாற்கோதுமைதான் அளவு!

அது நம் காலுக்குப் பொருந்துகிறதா? இதைக் கண்டுபிடிக்கக் கிளம்பியது யார் தெரியுமா? சென்னை அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்! 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில், முப்பரிமாணக் கருவிகளை வைத்து எத்தனை பேரின் பாதங்களை அளந்தார்கள்? 1,01,880 பேர்! ஒரு லட்சத்தைத் தாண்டி!

முடிவு என்ன? இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை! கடையில் நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் நெரித்ததே, குறை உங்கள் காலில் இல்லை, அளவில்! அகலம் போதாமல் ஒரு எண் பெரிதாக வாங்கியவர்கள் எத்தனை பேர்! பெரிதாக வாங்கினால் என்ன ஆகும்? குதிகால் ஆடும், கொப்புளம் வரும், சரிவில் கால் முன்னே பாய்ந்து விரல் நகம் கறுக்கும்!

இன்னொன்றும் தெரியவந்தது. பெண் குழந்தைகளின் பாத வளர்ச்சி 11 வயதிலேயே உச்சத்தைத் தொடுகிறது! ஆண் குழந்தைகளுக்கு 15, 16 வயதில்! இந்த ஆய்வை வைத்து 'ப' வரிசை எழுத்தொன்றைப் பெயராகக் கொண்ட புதிய இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டிருக்கிறது. பாரதத்தின் முதல் எழுத்து! கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள்! இது எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரும் நாள்தான் என்னைக் கேட்டால் இந்தியக் கால்களுக்கு உண்மையான சுதந்திர நாள்!

•

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூ தெரியும். அதன் பட்டை என்ன செய்தது தெரியுமா? உலகத்துக்கே ஷூ போட்டது! ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் பதப்படுத்திய தென்னிந்தியத் தோல் லண்டன் ஏலச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது! 'ஈ.ஐ.' தோல் என்று அதற்குப் பெயர். கிழக்கிந்தியத் தோல்! இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை... பிரியாணிக்கு மட்டுமா ஆம்பூர்? ஐரோப்பியக் கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் தோல் ஷூ ஆம்பூர்ப் பெண்கள் தைத்ததாக இருக்கலாம்! செஞ்சிக்கு வடக்கே செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் உருவாவது என்ன தெரியுமா? உலகப் புகழ் நைக்கி ஷூக்கள்! பெரம்பலூர் எறையூரில் 2023 நவம்பரில் திறந்த ஆலையில்? துளை துளையாக இருக்குமே, அந்த கிராக்ஸ்! பருத்தியும் சோளமும் விளைந்த பூமியில் கிராக்ஸ்!

•

டயர் செருப்பு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பழைய டயரை அறுத்துச் சந்தையில் தைத்துத் தருவார்களே, அது! கரும்புத் தோட்டத்து முள் ஏறாது, வருஷக்கணக்கில் தேயாது! இந்த உறுதியின் ரகசியம் 1839-ல் பிறந்தது. சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சூடுபடுத்தி, வெயிலில் உருகாத, குளிரில் வெடிக்காத ரப்பரைக் கண்டுபிடித்தார்! உலகத்தின் சக்கரங்களையெல்லாம் ஓடவைத்த அவர் 1860-ல் இறந்தபோது மிச்சம் என்ன தெரியுமா? சுமார் 2 லட்சம் டாலர் கடன்!

டயர் செருப்பு உழைப்பில் ராஜா, மறுப்பே இல்லை. ஆனால் உழைக்கும் ரப்பர் வேறு, பிடிக்கும் ரப்பர் வேறு! கெட்டியான ரப்பர் பல ஆண்டு தேயாது, ஆனால் சரிவுப் பாறையில் பிடிமானம் குறைவு. மென்மையான ரப்பர் பாறையோடு ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். இரண்டும் முழுதாகக் கிடைக்கும் ஷூ உலகில் எங்கேயும் இல்லை! செஞ்சிக்கும் டிஸ்க் கோல்ஃபுக்கும் நடுத்தர மென்மையே போதும். அடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் இருந்தால் மண்ணிலும் சரளையிலும் கவலை இல்லை!

•

மழைபுகா ஷூவுக்குள் இருக்கும் 'கோர்-டெக்ஸ்' படலத்தில் எத்தனை துளைகள் தெரியுமா? ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி என்கிறது அதைச் செய்யும் நிறுவனம்! தண்ணீர்த் துளி நுழைய முடியாது, வியர்வை ஆவி வெளியேறும். அற்புதம்தான்! ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வேண்டுமா? வேண்டாம்! மேலே வலைத்துணி உள்ள ஷூவே நல்லது. நனைந்தாலும் சீக்கிரம் காயும், இரண்டரை லட்சம் சுரப்பிகளுக்கும் காற்று கிடைக்கும்!

காலுறையில்கூட விஷயம் இருக்கிறது! பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத்தோல் உரசினால் கொப்புளம்! பாலியெஸ்டர் கலந்த விளையாட்டுக் காலுறை ஈரத்தை வெளியே கடத்தும். வேட்டிக்குப் பருத்தி, மலைக்குப் பாலியெஸ்டர்!

•

ஷூவில் கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு துளை இருக்கிறதே, எதற்குத் தெரியுமா? நம்மில் பலர் அதில் கயிறே கோப்பதில்லை! இரு பக்கமும் அந்தத் துளையில் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டிப் பாருங்கள். குதிகால் அசையாது! ராஜகிரியிலிருந்து இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் போய் மோதாது! காசு செலவில்லாமல் கிடைக்கும் நகப் பாதுகாப்பு!

•

ஷூ வாங்க எந்த நேரம் நல்ல நேரம், தெரியுமா? மாலை! நாள் முழுதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் நெரிக்கும்! இரண்டு பாதங்களும் ஒரே அளவு என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலோருக்கு அப்படி இல்லை! பெரிய காலுக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்!

ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்ல ஷூ. நட்டநடுவில் மடங்கினால்? திருப்பிக் கொடுத்துவிடுங்கள்! துணி பிழிவதுபோல் முறுக்கினால் முழுவதும் முறுகுகிறதா? பாறைக்கு ஆகாது!

ஒரு ஓட்ட ஷூவின் ஆயுள் எவ்வளவு? பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர்! மேல்துணி புதிதுபோல் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் நுரையின் சிறு குமிழிகள் நசுங்கிப் போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது!

•

வரும் விடுமுறையில் செஞ்சிக்கு வருகிறீர்களா? கிளம்பும் முன் உங்கள் ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்பாதத்துக்குக் கீழே பற்கள் மழுங்கியிருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புது ஷூவாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வாங்கித் தெருவில் போட்டு நடந்து பழகுங்கள். வெயில் ஏறுமுன் ராஜகிரி ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் மறக்காதீர்கள். பிள்ளைகளின் காலைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? இன்று மாலையே கடைக்கு அழைத்துப் போய் இரண்டு காலையும் அளந்துவிடுங்கள்!